நின்டெண்டோ வீயை ரெட்ரோ மெஷினாக மாற்றலாமா? முதலில் உங்கள் டிவியைப் பாருங்கள்

பழைய கேம்களையெல்லாம் ஒரே மெஷினில் ஆட என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. மோசமான யோசனை இல்லை. ஆனால் 2006-ல் வந்து பத்து கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்து, இப்போது கேட்பாரில்லாமல் தூசி படிந்து கிடக்கும் நின்டெண்டோ வீ இந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. கொஞ்ச நாளாக அதைத்தான் குடைந்துகொண்டிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம்: வீட்டில் டப்பா டிவியோ, காம்பொனன்ட் இன்புட் (படத்துக்கென்றே பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளைகள்) உள்ள டிவியோ இருந்தால் இது தங்கம். எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள புது டிவி என்றால் பெரும்பாலும் வீண் மெனக்கெடல், கேம்கியூப் ஒன்று மட்டும் விதிவிலக்கு.

வீ வந்த புதிதில் எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3 பக்கத்தில் வைத்து இதைக் கேலி செய்யாதவர் இல்லை. காரணமும் இருந்தது. நின்டெண்டோவின் முந்தைய மெஷினான, 2001-ல் வந்த கேம்கியூபின் பிராசஸர் 486 மெகாஹெர்ட்ஸ், கிராஃபிக்ஸ் சிப் 162 மெகாஹெர்ட்ஸ். வீயில் அதுவே 729, 243. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் சரியாக ஒன்றரை மடங்கு. அதே பவர்பிசி குடும்பம், அதே வடிவமைப்பு, கொஞ்சம் வேகம் கூட்டி, ரேமை 88 எம்பி ஆக்கி, புது டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எச்டி கிடையாது, அதிகபட்சம் 480பி, அதாவது 480 வரிப் படம். அன்றைக்குக் குறையாகத் தெரிந்த இந்தப் பழமைதான் இன்றைக்கு நமக்கு உதவுகிறது, ஏனென்றால் பழைய டிவியோடு பழைய பாஷையிலேயே பேசத் தெரிந்த கடைசித் தலைமுறை மெஷின்களில் இதுவும் ஒன்று.

எந்த வீ என்பது முக்கியம். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆர்விஎல்-001 என்று இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதில் மூடியைத் திறந்தால் நான்கு கேம்கியூப் கண்ட்ரோலர் போர்ட்டும் இரண்டு மெமரி கார்டு ஸ்லாட்டும் இருக்கும். 2011-ல் வந்த ஆர்விஎல்-101-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள், மற்றபடி அதே மெஷின்தான், இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம். 2012-ல் சிவப்பும் கறுப்புமாக வந்த வீ மினி பக்கம் போகவே வேண்டாம். எஸ்டி கார்டு ஸ்லாட் இல்லை, இணையம் இல்லை, காம்பொனன்ட் வெளியீடும் இல்லை. அழகான பெட்டி, அவ்வளவுதான்.

இன்னொன்று, டிஸ்க் படிக்காத வீ என்று தள்ளிவிடுகிறார்களே, அது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. எமுலேட்டர்கள், அதாவது பழைய மெஷின்களைப் போல நடிக்கும் மென்பொருள்கள், எஸ்டி கார்டிலிருந்து ஓடுகின்றன, டிஸ்க் டிரைவ் செத்திருந்தால் என்ன, இருந்தால் என்ன? ஆனால் சொந்த டிஸ்க்குகளிலிருந்து கேமைப் பிரதி எடுக்க நினைத்தால் டிரைவ் வேண்டும், கிளீன்ரிப் என்ற இலவச மென்பொருள் அதை வீயிலேயே செய்துவிடும். கேம் கோப்புகள் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள், கைவசம் வாங்கி வைத்திருப்பதைப் பிரதி எடுங்கள். நின்டெண்டோவின் சொந்த வீ கடை 2019 ஜனவரி 30-ல் மூடியாயிற்று, அதனால் வர்ச்சுவல் கன்சோல் என்ற பெயரில் அங்கே விற்ற பழைய கேம்களைப் புதிதாக வாங்கும் வழி அடைபட்டுவிட்டது என்பதும் உண்மை.

சரி, நின்டெண்டோ அனுமதிக்காத மென்பொருளை ஓட்டவிடாமல் வீயில் போட்டிருக்கும் பூட்டை உடைப்பது எப்படி? திருப்புளி எடுக்கவே வேண்டாம், சிப் எதுவும் ஒட்ட வேண்டாம். சிஸ்டம் மெனு 4.3-ல் இருக்கும் வீக்கு லெட்டர்பாம் என்று ஒரு வழி 2011-லிருந்தே இருக்கிறது, இன்றும் வேலை செய்கிறது. வீயின் செட்டிங்ஸில் மேக் முகவரியைப் பார்த்து அதற்கான இணையப் பக்கத்தில் கொடுத்தால், உங்கள் மெஷினுக்கென்றே ஒரு கோப்பு உருவாக்கித் தரும். அதை எஸ்டி கார்டில் பிரித்துப் போட்டு, வீயில் சொருகி, மெசேஜ் போர்டைத் திறந்து, ஒன்றிரண்டு நாள் பின்னால் போனால் குண்டு படம் போட்ட சிவப்புக் கடிதம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் மெஷின் திறந்துகொள்ளும், ஹேக்மீ இன்ஸ்டாலர் வரும். கடிதம் கண்ணில் படவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள், உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய் தேதி பின்னால் போயிருக்கும், கடிதம் வேறு எங்கேயோ கிடக்கும்.

இன்ஸ்டாலர் வந்ததும் முதலில் தெரிவது ஒரு எச்சரிக்கைத் திரை: இந்த மென்பொருளுக்கு யாரிடமாவது காசு கொடுத்திருந்தால் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று. எனக்கு இந்தத் திரையை ரொம்பப் பிடிக்கும். வீயை உடைத்துத் தருகிறேன் என்று காசு வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், மொத்த வேலையும் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.

வெளியார் எழுதிய மென்பொருள்களைத் திறக்கும் ஹோம்பிரூ சேனலை அந்த இன்ஸ்டாலரில் போட்டதும் அடுத்து செய்ய வேண்டியது நாண்ட், அதாவது உள் நினைவகத்தின் பேக்கப். பூட்மீ என்ற கருவி அதற்குத்தான். வீயின் உள் நினைவகம் 512 எம்பி, மொத்தத்தையும் எஸ்டி கார்டில் எடுத்துக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துங்கள். பழைய வீக்களில் பூட்மீயை மெஷின் எழுந்திருக்கும் கட்டத்திலேயே பதிக்கலாம், எதையாவது கெடுத்துவிட்டாலும் மீட்டுவிடலாம். பின்னால் வந்தவற்றில் அது முடியாது, ஹோம்பிரூ சேனல் வழியாகத்தான் திறக்கும், அதனால் அந்த வீக்களில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. பூட்மீயில் வீ ரிமோட் வேலை செய்யாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெஷின் நின்றுவிட்டது என்று பதறுவீர்கள். கேம்கியூப் கண்ட்ரோலர் வேண்டும், அது இல்லையென்றால் மெஷினின் முகப்பிலிருக்கும் பவர் பட்டனால் நகர்ந்து ரீசெட் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்வது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பத்து வருடப் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து, அதில் சொன்ன சிஐஓஎஸ் (வீயின் சிஸ்டம் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் மாற்றியமைத்த பதிப்பு), அது, இது எல்லாவற்றையும் வரிசையாக நிறுவி, ஏதோ ஒன்றை அழித்து, மெஷின் செங்கல்லாகிவிடும். எமுலேட்டர் ஓட்ட மட்டும் என்றால் ஹோம்பிரூ சேனல் போதும், வேறு எதுவும் வேண்டாம். கேம்கியூப் கேம்களை ஓட்டும் நின்டெண்டன்ட் என்ற மென்பொருளுக்குக்கூட வீயில் ஏற்கெனவே இருக்கும் ஐஓஎஸ்58 போதும். சிஐஓஎஸ் தேவைப்படுவது வீ கேம்களை ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓட்டும் லோடர்களுக்கு. அது உங்கள் திட்டத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

சேமிப்புக்கு 32 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று, ஃபாட்32 ஃபார்மேட். 8-பிட், 16-பிட் கேம்கள் எல்லாம் சின்னச் சின்னக் கோப்புகள், இடம் மிஞ்சிக் கிடக்கும்.

இப்போது எமுலேட்டர்களுக்கு வருவோம். வீக்காக எழுதப்பட்டவற்றில் என் முதல் மதிப்பெண் ஜெனசிஸ் பிளஸ் ஜிஎக்ஸுக்கு. சேகாவின் மெகா டிரைவ், மெகா சிடி, மாஸ்டர் சிஸ்டம், கேம் கியர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துவிடுகிறது, அதுவும் ஏனோதானோ என்று இல்லை, அசல் மெஷினின் வீடியோ சிப் எந்த நேரத்தில் என்ன செய்யும் என்பதுவரை பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மெகா டிரைவின் துணைக் கருவியான 32எக்ஸ் மட்டும் இதில் கிடையாது, அதை யாரும் தேடப்போவதும் இல்லை. சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்நெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸ். சாதாரண கேம்கள் வெண்ணெய் மாதிரி ஓடுகின்றன, கேட்ரிட்ஜுக்குள்ளேயே கூடுதல் சிப் வைத்து வந்த கேம்கள் சிலவற்றில் மட்டும் நெரிசலான இடங்களில் மூச்சு வாங்குவது தெரியும். பழைய என்இஎஸ்ஸுக்கு எஃப்சிஇ அல்ட்ரா ஜிஎக்ஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. கேம்பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏவின் வீ பதிப்பும் இருக்கிறது, விபிஏ ஜிஎக்ஸும் இருக்கிறது. மெஷினையே சாய்த்து ஆட வேண்டிய யோஷி டாப்ஸி டர்வி போன்ற கேம்களை விபிஏ ஜிஎக்ஸில் வீ ரிமோட்டைச் சாய்த்தே ஆடலாம், இதை வேறு எந்த ரெட்ரோ பெட்டியில் செய்வீர்கள்?

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த ஜிஎக்ஸ் குடும்ப எமுலேட்டர்களில் கேமுக்குள் சேமித்துவிட்டோம் என்று நம்பி அப்படியே பிளக்கைப் பிடுங்காதீர்கள். எமுலேட்டரின் மெனுவுக்குத் திரும்பும்போதுதான் அது எஸ்டி கார்டில் எழுதப்படும்.

படம்தான் விஷயமே. பழைய கன்சோல்கள் 240 வரிகளை நொடிக்கு 60 தடவை வரைந்தன, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். டப்பா டிவியில் அந்த வரிகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி தங்கிவிடும், அந்தக் காலக் கேம்களின் படத்துக்கு அந்த அழகு வந்ததே அதனால்தான், ஓவியர்களும் அதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு புள்ளியையும் வைத்தார்கள். இன்றைய எமுலேட்டர் பெட்டிகள் எச்டிஎம்ஐயில் படம் அனுப்பிவிட்டு அந்த இடைவெளியை ஃபில்டர் போட்டுப் போலியாக வரைகின்றன. வீக்கு அந்த நாடகம் வேண்டாம். ஸ்நெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸின் வீடியோ அமைப்பில் ரெண்டரிங் என்பதை ஒரிஜினல் என்று மாற்றினால் நிஜமான 240பி சிக்னலே வெளியே வருகிறது. டப்பா டிவியில் அதைப் பார்த்தால், கேட்ரிட்ஜ் போட்டு ஓடும் அசல் மெஷினுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நீங்கள் திரைக்கு மூக்கை உரசிக்கொண்டு நிற்க வேண்டும். டிஃப்ளிக்கர் ஃபில்டரை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். 480ஐ (480 வரிகளைப் பாதி பாதியாக மாற்றி மாற்றி வரையும் முறை) படம் நடுங்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது, 240பியில் படத்தை மேலும் கீழுமாக மங்கடித்துவிடும்.

இதே சிக்னலைப் புது எல்சிடி டிவியில் கொடுத்தால் கதை தலைகீழ். பல டிவிகள் 240பியைப் பார்த்து 480ஐ என்று நினைத்துக்கொண்டு இரண்டு ஃபிரேம்களைக் கோர்த்து ஒன்றாக்கப் பார்க்கும். படம் மங்கும், பட்டனை அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் நடுவே தாமதம் வரும். அடிபட்ட கதாபாத்திரம் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் மறைந்து மினுங்குமே, அந்த மினுக்கல் சில டிவிகளில் அரைகுறையாகக் கோடு கோடாகத் தெரியும், சிலவற்றில் ஆளே காணாமல் போய்விடுவார். அங்கே 480பி வைப்பது ஒன்றுதான் வழி, அதற்குக் காம்பொனன்ட் கேபிள் வேண்டும். மெஷினோடு பெட்டியில் வந்த மஞ்சள் சிவப்பு வெள்ளைக் கேபிள் 480பி கொடுக்காது, அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஐரோப்பிய வீயாக இருந்து டிவியில் ஸ்கார்ட் என்ற ஐரோப்பியச் சொருகி இருந்தால் ஆர்ஜிபி கேபிளும் நல்லதுதான், ஆனால் அமெரிக்க, ஜப்பானிய வீக்களில் ஆர்ஜிபி வராது, அவற்றில் எஸ்-வீடியோ வரும், ஐரோப்பியதில் அது வராது. காம்பொனன்ட் மட்டும் எல்லோருக்கும் பொது.

காம்பொனன்ட்டும் இல்லாத டிவிக்கு வீயின் பின்னால் நேராகச் சொருகும் எச்டிஎம்ஐ டாங்கிள்கள் நிறைய விற்கின்றன. வீயிலிருந்து அனலாக் சிக்னல் மட்டும்தான் வெளியே வரும், டாங்கிள் அதை மறுபடி டிஜிட்டலாக மாற்றுகிறது, அந்த மாற்றத்தில் தரம் டாங்கிளுக்கு டாங்கிள் வேறுபடும். என்னிடம் இருக்கும் ஒன்றில் இருட்டுக் காட்சிகளில் மணல் தூவியது போல இரைச்சல், வெள்ளை வெளுத்துப்போய் மேகத்துக்கும் வானத்துக்கும் வித்தியாசமே இல்லை. 1080பி என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள், வருவது 480பி, அதை இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், அதை உங்கள் டிவியே செய்யும். 480பியில் வீயின் வீடியோ என்கோடரில் படம் லேசாக மங்கும் ஒரு பழைய கோளாறு இருந்தது, அதற்கும் இப்போது ஹோம்பிரூ ஆட்கள் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். யுஎஸ்பி லோடர் ஜிஎக்ஸ் போன்றவற்றின் புதிய பதிப்புகளில் அந்தத் திருத்தம் இருக்கிறது. மூடிய கடையை இத்தனை வருடம் கழித்தும் யாரோ உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு.

கண்ட்ரோலர் விஷயத்தில் வீயை அடிக்க ஆளில்லை. ரிமோட்டைப் படுக்க வைத்தால் அதுவே என்இஎஸ் கண்ட்ரோலர். கிளாசிக் கண்ட்ரோலரை ரிமோட்டில் சொருகினால் சூப்பர் நின்டெண்டோவுக்கு அச்சு அசலாகப் பொருந்தும், 2006-ல் வந்த முதல் மாடலில் வயர் அடிப்பக்கத்திலிருந்து வெளியே வருவது மட்டும் யாருடைய யோசனையோ தெரியவில்லை, மடியில் உரசிக்கொண்டே இருக்கும். பின்னால் வந்த புரோ மாடலில் அதை மேலே மாற்றினார்கள். நின்டெண்டோ 2016, 2017-ல் விட்ட குட்டி என்இஎஸ், குட்டி எஸ்என்இஎஸ் மெஷின்களின் கண்ட்ரோலர்களுக்கும் இதே பிளக்தான், ரிமோட்டில் சொருகியதும் வேலை செய்கின்றன. கேம்கியூப் கண்ட்ரோலரை 2டி கேம்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், அந்த டி-பேட் (கூட்டல் குறி வடிவ திசைப் பட்டன்) கட்டை விரலுக்குப் போதாது.

வீயால் முடியாதவையும் உண்டு. நின்டெண்டோ 64-க்கு வீ64, அதிலிருந்து பிரிந்த நாட்64 இருக்கின்றன. மரியோ 64 நன்றாகவே ஆட முடிகிறது, மற்றவை அந்தந்தக் கேமின் ஜாதகத்தைப் பொறுத்தது. பிஎஸ்1-க்கு வீஎஸ்எக்ஸ் வழியில் வந்தவற்றில் வீஸ்டேஷன் இப்போது பரவாயில்லை, ஆனால் எல்லாக் கேமும் ஓடும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஆர்கேட் கேம்களில் வேகம் ஒரு தடை என்றால் நினைவகம் அதைவிடப் பெரிய தடை, பெரிய நியோ ஜியோ கேம்களை 88 எம்பிக்குள் அடக்குவது நடக்கிற காரியம் இல்லை. பல எமுலேட்டர்களை ஒன்றாக அடக்கிய ரெட்ரோஆர்ச்சும் வீயில் கிடைக்கிறது, எல்லாம் ஒரே இடத்தில் என்ற ஆசையில் போட்டுப் பார்ப்பீர்கள், பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் தனி எமுலேட்டரே மேல் என்று திரும்பி வருவீர்கள். நின்டெண்டோ 64, பிஎஸ்1, ஆர்கேட் இந்த மூன்றும்தான் உங்கள் முக்கியத் தேவை என்றால் ராஸ்பெர்ரி பையே வாங்கிவிடுங்கள், அதில் ஒரு சண்டையும் இல்லை.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த விதிவிலக்கு, கேம்கியூப். நின்டெண்டன்ட் எமுலேட்டரே இல்லை. வீக்குள் கேம்கியூப் அப்படியே உட்கார்ந்திருப்பதால் கேம் நேரடியாக அந்தச் சிப்பிலேயே ஓடுகிறது. வீயில் ஸ்டார்லெட் என்று ஒரு குட்டி ஏஆர்எம் பிராசஸர் ஓரமாக இருக்கிறது, நின்டெண்டன்ட் அதைப் பிடித்து, கேம் டிஸ்க்கைக் கேட்கும்போது எஸ்டி கார்டையோ யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கையோ காட்டிச் சமாளிக்கிறது. மெமரி கார்டும் ஒரு கோப்பாகிவிடுகிறது. கேம்கியூப் போர்ட் இல்லாத ஆர்விஎல்-101-லும் இது ஓடும், கிளாசிக் கண்ட்ரோலராலோ யுஎஸ்பி கண்ட்ரோலராலோ ஆடலாம். பழைய கேம்கியூபில் 480பி வேண்டுமென்றால் அதற்கென்றே தனி காம்பொனன்ட் கேபிள் தேடி அலைய வேண்டும், அது எளிதில் கிடைக்கும் பொருளும் இல்லை, வீயில் சாதாரண வீ கேபிளே போதும். எச்டிஎம்ஐ டாங்கிளின் இரைச்சலோடு ஆடினால்கூட இதற்காக வீயை மேசையில் வைத்திருக்கலாம் என்பது என் கணக்கு.

ஹார்டு டிஸ்க் வைப்பதாக இருந்தால் தனி மின்சாரம் உள்ளதாகவோ இரட்டை யுஎஸ்பி வயர் உள்ளதாகவோ பாருங்கள், வீயின் போர்ட்டுக்குத் தெம்பு குறைவு. பென் டிரைவ்களில் சில ஓடும், சில முரண்டு பிடிக்கும். செட்டிங்ஸில் வீகனெக்ட்24-ஐ அணைத்துவிடுங்கள், அந்தச் சேவையை நின்டெண்டோ 2013-லேயே நிறுத்திவிட்டது. அதை விட்டுவைத்தால் மெஷின் தூங்கும்போதும் மின்விசிறி ஓடாமல் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். வீ யு வைத்திருப்பவர்கள் இத்தனையும் படித்துவிட்டு வீ ஒன்று தேட வேண்டியதில்லை, அதற்குள்ளேயே ஒரு முழு வீ இருக்கிறது, நின்டெண்டன்ட் அதிலும் ஓடும், எச்டிஎம்ஐ மெஷினிலேயே இருப்பதால் டாங்கிள் தொல்லையும் இல்லை.